ஆச்சிக்கும் பேரனுக்கும் வேலை கொடுத்த கிறிஸ்துமஸ்

மும்பையில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் இரண்டு கவலைகள் வந்துவிடும். ஒன்று, ஊருக்குப் போக ரெயிலில் இடம் கிடைக்குமா என்பது. மற்றொன்று, ஊருக்குப் போகாவிட்டால் நள்ளிரவுப் பூசைக்கு என்ன உடுத்துவது, வீட்டு வாசலில் எத்தனை அடி நட்சத்திரம் கட்டுவது என்பது.

2020-ம் ஆண்டு டிசம்பரில் இந்த இரண்டு கவலைகளுக்கும் இடமே இல்லாமல் போயிற்று. ஊருக்குப் போவது எளிதாக இல்லை. நள்ளிரவில் பூசையும் இல்லை. கொரோனா என்ற பெயர் உலகத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்திருந்த காலம் அது.

ஆனாலும் அந்த ஆண்டும் கிறிஸ்துமஸ் வந்தது. தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும், ஆண்டாப்ஹில்லிலும், கல்யாண் வரையிலுள்ள தமிழர் குடியிருப்புகளிலும் நட்சத்திரங்கள் எரிந்தன. அவற்றில் பல கடையில் வாங்கியவை அல்ல. வீட்டில், கையால் செய்தவை. சத்தமில்லாமல் நடந்த அந்தப் பண்டிகையை இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பதற்கு அந்தக் கைவேலையே காரணம்.

அடைபட்ட வழிகள்

அன்றைய நிலைமையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால், ஆண்டுகள் செல்லச் செல்ல மனிதனுக்கு மறதி அதிகம்.

2020 மார்ச் 22-ந்தேதி நள்ளிரவோடு நாடெங்கும் பயணிகள் ரெயில்கள் நின்றன. 25-ந்தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மே மாதத்தில் தொழிலாளர்களுக்காக ஷ்ராமிக் சிறப்பு ரெயில்கள் ஓடின. வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல் தவித்த பலர் அவற்றில் சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டுப் போனார்கள். பிறகு ஜூன் 1-ந்தேதி முதல் கூடுதலாகச் சிறப்பு ரெயில்கள் விடப்பட்டன.

சிறப்பு ரெயில் என்றால் முன்போல ஓடிப்போய் ஏறிக்கொள்ளும் ரெயில் அல்ல. முன்பதிவு இல்லாத பெட்டியே அதில் கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருப்பவர் வண்டியில் ஏறக்கூடாது. ஏ.சி. பெட்டியில் போர்வை, தலையணை கிடையாது, திரைச்சீலைகளையும் கழற்றிவிட்டார்கள். டிசம்பர் மூன்றாவது வாரம் சம்பளம் வாங்கியதும், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் வண்டியின் பொதுப் பெட்டியில் இடம் பிடித்துப் பழகிய தொழிலாளிக்கு அந்த ஆண்டு ஊர் எட்டாத தூரமாகிவிட்டது.

ஊருக்குத்தான் போக முடியவில்லை. நகரத்துக்குள்ளாவது போய்வர முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. மும்பையின் புறநகர் ரெயில்கள் ஜூன் 15-ந்தேதி அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் திறக்கப்பட்டன. அக்டோபர் 21-ந்தேதி முதல் பெண்கள் குறிப்பிட்ட நேரங்களில் பயணம் செய்யலாம் என்றார்கள். மற்ற பொதுமக்களுக்கு 2021 பிப்ரவரி 1-ந்தேதிதான் வழி பிறந்தது. ஆகவே கிறிஸ்துமஸ் சமயத்தில், தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் மின்சார ரெயில் ஏறி கிராபோர்டு மார்க்கெட்டுக்குப் போய் நட்சத்திரமும் ஜிகினாவும் வாங்கிவர முடியாது.

ஐம்பது பேருக்குத்தான் இடம்

மகாராஷ்டிரத்தில் வழிபாட்டுத் தலங்கள் 2020 நவம்பர் 16-ந்தேதிதான் திறக்கப்பட்டன. 'கிறிஸ்துமசுக்காவது கோயிலுக்குப் போகலாம்' என்று மக்கள் ஆறுதல் அடைந்திருந்த நேரத்தில், இங்கிலாந்தில் உருமாறிய கிருமி பரவுகிறது என்ற செய்தி வந்தது. டிசம்பர் 22-ந்தேதி முதல் ஜனவரி 5-ந்தேதி வரை மாநகராட்சிப் பகுதிகளில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை ஊரடங்கு என்று மாநில அரசு அறிவித்தது. நள்ளிரவுப் பூசைக்கு அத்துடன் முற்றுப்புள்ளி.

பண்டிகையை எளிமையாகக் கொண்டாட வேண்டும். தேவாலயத்தில் ஒரு நேரத்தில் 50 பேருக்கு மேல் கூடக்கூடாது. பாடகர் குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. 60 வயதைத் தாண்டியவர்களும், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வீட்டிலேயே இருப்பது நல்லது — இவை அரசு சொன்ன நெறிமுறைகளில் சில.

இந்தக் கடைசி விதியைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் யாருடைய பண்டிகை? பிறந்த குழந்தையைக் கொண்டாடும் பண்டிகை என்பதால் அது குழந்தைகளின் பண்டிகை. ஊரில் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லிக்கொடுக்கும் தாத்தா, ஆச்சிகளின் பண்டிகை. அந்த இரு சாராரையும்தான் அந்த ஆண்டு வீட்டில் நிறுத்திவைக்க நேர்ந்தது. நோயின் தன்மை அப்படி. விதியைக் குறை சொல்ல முடியாது.

மும்பையில் மட்டும் அல்ல. வாடிகனில் போப்பாண்டவரின் கிறிஸ்துமஸ் திருப்பலியே இரவு ஏழரை மணிக்கு, ஏறத்தாழ நூறு பேர் முன்னிலையில் முடிந்தது. இயேசு பிறந்த பெத்லகேமிலும் அன்று கூட்டம் இல்லை.

இவ்வாறு கோயிலுக்குப் போக முடியாமல் வீட்டில் தங்கிய ஆச்சிக்கும் பேரனுக்கும் பண்டிகையில் பங்கு கொடுத்தது எது? கத்தரிக்கோலும் பசைக் கிண்ணமும்தான்!

பத்துக் குச்சி நட்சத்திரம்

நம்மவர்களுக்குக் காகித நட்சத்திரம் செய்வது புதிய வித்தை அல்ல. சீனத்துப் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் வருமுன் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிச் சீமைகளில் வாலிபர்கள் கூடி மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டுவார்கள். கைவிட்டுப்போன அந்தத் தொழிலைப் பெரியவர்கள் 2020-ல் மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதன் கணக்கு சுலபமானது. ஒரே அளவில் பத்துக் குச்சிகள் வேண்டும். குச்சி இரண்டடி என்றால் நட்சத்திரத்தின் அகலமும் இரண்டடி. ஐந்து குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து நூலால் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று வரும். அதேபோல இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து, ஐந்து முனைகளையும் இறுகக் கட்டிவிட வேண்டும்.

அதன்பின்தான் சூட்சுமம். நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும், நான்கு அங்குல நீளத்தில் ஐந்து சிறு துண்டுகளை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். தட்டையாகக் கிடந்த நட்சத்திரம் உடனே வயிறு புடைத்து எழுந்து நிற்கும். மேலே கண்ணாடித் தாளோ, பட்டம் செய்யும் தாளோ ஒட்டி, ஒரு பக்கம் பல்பு நுழைய மட்டும் வழி விட்டால் வேலை முடிந்தது.

பசைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு கைப்பிடி மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துப் பளபளப்பு வரும்வரை கிண்ட வேண்டும். கரப்பானும் எலியும் தின்றுவிடாமல் இருக்க ஒரு சிட்டிகை மயில் துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது விஷம் என்பதால் குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடாது. உள்ளே பழைய குண்டு பல்பு போட்டால் காகிதம் கருகிவிடும். சூடேறாத எல்.இ.டி. பல்பு போட்டால் பயமில்லை.

மூங்கில் கிடைக்காத வீடுகளில் வாரியலே கைகொடுத்தது. தென்னை ஈர்க்கு ஒன்று தனியாக வளையும்; மூன்று ஈர்க்குகளைச் சேர்த்துச் சுற்றினால் நிமிர்ந்து நிற்கும். தாளுக்குப் பழைய காலண்டர், பரிசுப்பொருள் சுற்றிவந்த காகிதம், தையல் பட்டறைகளில் மிஞ்சும் 'சிந்தி' எனப்படும் வெட்டுத் துணி — எது கிடைத்ததோ அதுவே போதுமானதாக இருந்தது.

காகித நட்சத்திரத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1830-களில் ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில், மொரேவியன் சபையினர் நடத்திய விடுதிப் பள்ளியில் வடிவக் கணிதப் பாடத்தின் ஒரு பகுதியாகக் காகித நட்சத்திரம் செய்தார்கள். அதுவே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மொரேவியன் நட்சத்திரம் ஆயிற்று. வீட்டைப் பிரிந்து விடுதியில் இருந்த பிள்ளைகளின் கையில் பிறந்த நட்சத்திரம், ஊரைப் பிரிந்து சாலில் வாழும் நம்மவர்களுக்கும் பொருந்தித்தான் போகிறது.

அனுப்பாத கல்யாணப் பத்திரிகை

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் ஒரு குடும்பம். வடக்கன்குளம் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். பத்துக்குப் பத்து அடியில் ஒரு கோலி. மேலே ஏணி வைத்த சிறு மாடி. அப்பா தோல் பை செய்யும் பட்டறையில் வேலை. அம்மா வீட்டிலிருந்தே இட்லி மாவு அரைத்து விற்பவர். மூத்த பெண், ஒன்பது வயதுப் பையன், எழுபதை எட்டிய ஆச்சி — ஆக ஐந்து பேர்.

பெண்ணுக்கு 2020 ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. தங்க நிற ஓரம் போட்ட பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. ஊருக்கு அனுப்புமுன் ஊரடங்கு வந்தது. பட்டறை மூடியது. மாவு வாங்க ஆள் இல்லை. சேர்த்த பணம் வாடகையிலும் அரிசியிலும் கரைந்தது. கல்யாணம் தள்ளிப்போயிற்று. பத்திரிகைக் கட்டு அப்படியே பரணில் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

டிசம்பரில் பட்டறை திறந்திருந்தாலும் பாதி வேலைதான், பாதிச் சம்பளம்தான். "இந்த வருஷம் நட்சத்திரம் வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். பையன் அழவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பிடவும் இல்லை. ஆச்சிதான் பரணைக் காட்டி, அந்தப் பத்திரிகையை எடுக்கச் சொன்னார்.

அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. "அத்தை, பேர் போட்ட பத்திரிகையில கத்திரி போடலாமா? அபசகுனமா இருக்காதா?" என்றார்.

"பேர் மேல போடாத. ஓரத்தில போடு. நல்ல காரியத்துக்குத்தான வெட்டுதோம்" என்றார் ஆச்சி.

பெண்ணும் மாப்பிள்ளையும் பெயர் தாங்கிய நடுப்பகுதி ஒவ்வொன்றையும் முழுசாக வெட்டியெடுத்து, அடுக்கி, பைபிளுக்குள் வைத்தார் அம்மா. தங்க ஓரங்கள் நட்சத்திரத்துக்குப் போயின. ஒட்டும் வேலையை ஏற்றுக்கொண்டது, யாருடைய கல்யாணம் நின்றதோ அந்தப் பெண்ணேதான். மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரித்துக்கொண்டே செய்த முதல் வேலை அது என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. பட்டறையில் கழிந்த தோல் துண்டுகளைக் கொண்டுவந்து, சந்துக் குழந்தைகளுக்கெல்லாம் உள்ளங்கை அகல நட்சத்திரம் ஒன்று வெட்டிக் கொடுத்தார்.

படுத்துக்கொண்ட கழுதை

நட்சத்திரம் அக்காவின் பொறுப்பு என்றால், குடில் ஆச்சிக்கும் பேரனுக்கும் என்று முடிவாயிற்று.

குடில் கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே சிரட்டைகளில் மண் நிரப்பிக் கேழ்வரகோ கம்போ விதைத்துவிட வேண்டும். கிறிஸ்துமசுக்குள் பச்சைப் பசேலென்று புல் எழும்பிவிடும். சிமெண்டு வந்த தாளைக் கசக்கி, பசை தடவி, காவி பூசினால் மலை. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்தால் புல்வெளி.

மீதி இருப்பது சுரூபங்கள். கடையில் வாங்கினால் காசு. தாராவியில் களிமண்ணுக்குப் பஞ்சம் இல்லை. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் கும்பார்வாடா பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒரு உருண்டை மண் வந்து சேர்ந்தது. சூளையில் சுடாத மண் காயும்போது வெடிக்கும். அதைத் தடுக்க, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தார் ஆச்சி. ஊரில் சிறுவயதில் பார்த்து வைத்த வேலை.

மாதாவும் சூசையப்பரும் நன்றாக நின்றார்கள். ஆட்டுக்குட்டிகளும் நின்றன. கழுதைதான் நிற்கவில்லை. நாலு காலும் பாரம் தாங்காமல் வளைந்தன. மூன்று முறை செய்தும் விழுந்தது.

"ஆச்சி, கழுத நிக்க மாட்டேங்கு" என்றான் பையன்.

"நிக்கலன்னா படுக்கட்டும்ல. அது பெத்லகேம் வரைக்கும் நடந்துல்லா வந்திருக்கு!" என்றார் ஆச்சி.

டிசம்பர் 24-ந்தேதி இரவு அப்பாவும் அம்மாவும் பெயர் கொடுத்து, முறை கிடைத்து, மாலைப் பூசைக்குப் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிட்டார்கள். முன்னணை அதுவரை காலியாகவே இருந்தது. குழந்தை இயேசுவை அந்த இரவில்தான் வைப்பது வழக்கம். வடக்கன்குளத்தில் இருக்கும் மகளை வாட்ஸ்ஆப்பில் அழைத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, கட்டைவிரல் அளவுள்ள மண் குழந்தையை ஆச்சி வைத்தார். பையன் மின்சார விளக்கைப் போட்டான். ஐந்து பேர் பாடினார்கள். அதுதான் அவர்கள் வீட்டுப் பூசை.

அசிசியார் காட்டிய வழி

குடில் கட்டும் வழக்கம் பெரிய தேவாலயங்களில் தொடங்கியது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. 1223-ம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற சிற்றூரின் மலைப்பகுதியில், அசிசி நகர் பிரான்சிஸ், வைக்கோல் பரப்பிய முன்னணையையும், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு முதல் குடிலை அமைத்தார். ஏழை எளிய மக்கள் தங்கள் கண்ணால் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

நோய் பரவுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 டிசம்பர் 1-ந்தேதி, அதே கிரேச்சியோவில் போப் பிரான்சிஸ் ஒரு மடலில் கையெழுத்திட்டார். வீடுகளிலும், வேலை செய்யும் இடங்களிலும், மருத்துவமனைகளிலும் குடில் அமைக்கும் வழக்கத்தை விட்டுவிடக்கூடாது என்றும், இதைக் குழந்தைகள் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் கற்றுக்கொள்கிறார்கள் என்றும் அதில் அவர் எடுத்துக்காட்டியிருந்தார். அடுத்த ஆண்டே உலகம் முழுவதும் வீட்டுக் குடில்தான் கோயிலாகப் போகிறது என்பதை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை.

மும்பைக்குக் கொள்ளைநோயும் புதிதல்ல. 1896-ல் மாண்ட்வியில் தொடங்கிய பிளேக் நகரத்தைக் காலி செய்தது. அந்த நாட்களில் மக்கள் தங்கள் தெருக்களில் சிலுவைகளை நட்டுவைத்து, கூடி நின்று ஜெபித்தார்கள். பாந்திராவின் பழைய கிராமத் தெருக்களில் அந்தப் பிளேக் சிலுவைகளை இன்றும் காணலாம். கோயிலுக்குப் போக முடியாத காலத்தில், வாசலிலேயே வழிபாட்டுக்கு ஒரு இடம் செய்துகொள்வது இந்த நகரத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம்.

சந்து முனையில் ஒரு விளக்கு

அந்த ஆண்டு கைவேலைக்கு இன்னொரு சோதனையும் வந்தது. துட்டி விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இது நம்மவர் வழக்கம். 2020-ல் அப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. இறந்தவரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அடக்கம் செய்துவிட்டு வந்த குடும்பங்கள் அவை.

முன்பு சொன்ன சந்திலும் ஜூலை மாதத்தில் ஒரு பெரியவர் போய்விட்டார். அந்த வீடு மட்டும் இருட்டாக இருக்க, இருபுறமும் விளக்கு எரிவதா என்று பெண்கள் யோசித்தார்கள். வழக்கத்தை மீறவும் மனம் இல்லை. இறுதியில், பத்திரிகைத் தாளில் செய்த அந்தத் தங்க நட்சத்திரத்தை எந்த வீட்டு வாசலிலும் கட்டாமல், தண்ணீர்க் குழாய் இருக்கும் சந்து முனையில், எல்லோருக்கும் பொதுவாகக் கட்டினார்கள். துட்டி வீட்டு அம்மாள் அன்று காலை தண்ணீர் பிடிக்க வந்தபோது நின்று பார்த்தார். பிறகு தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார். நட்சத்திரத்துக்கு மின்சாரம் அந்த வீட்டிலிருந்துதான் போயிற்று.

வானத்திலும் அந்த வாரம் ஒரு அதிசயம் நிகழ்ந்தது. டிசம்பர் 21-ந்தேதி மாலை, வியாழனும் சனியும் மேற்கு வானில் ஒன்றாகச் சேர்ந்ததுபோலத் தோன்றின. 1623-ம் ஆண்டுக்குப் பின் அவை அவ்வளவு நெருங்கியது அப்போதுதான். 'கிறிஸ்துமஸ் நட்சத்திரம்' என்று உலகமே அதைப் பேசியது. பெத்லகேம் நட்சத்திரத்துக்கும் இத்தகைய கோள் சேர்க்கைக்கும் தொடர்பு உண்டா என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் கெப்ளர் என்ற வானநூல் அறிஞர்.

அதைவிட நெருக்கமான நற்செய்தி ஒன்று தாராவிக்குக் காத்திருந்தது. தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1-ந்தேதி. இரண்டரைச் சதுர கிலோ மீட்டருக்குள் லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் இடம் என்ன ஆகுமோ என்று உலகமே அஞ்சியது. வீடு வீடாகச் சோதனை, காய்ச்சல் முகாம், பள்ளிக்கூடங்களில் தனிமைப்படுத்தல் என்று அனைவரும் பாடுபட்டதன் பலனாக நோய் தணிந்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஏப்ரலுக்குப் பின், புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை என்று மாநகராட்சி அறிவித்த முதல் நாள் எது தெரியுமா? 2020 டிசம்பர் 25-ந்தேதி, வெள்ளிக்கிழமை. கிறிஸ்துமஸ் தினம்!

மறுபக்கமும் உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு, 'கஷ்டமும் ஒருவகையில் நல்லதுதான்' என்று எண்ணிவிடக்கூடாது. வீட்டில் நட்சத்திரம் செய்தவர்கள் பலர் ஆசைக்காகச் செய்யவில்லை. வாங்கக் காசு இல்லாமல் செய்தார்கள். அதே நேரத்தில், நட்சத்திரம் கட்டி விற்றே பிழைப்பவர்களும், வாழ்த்து அட்டை, பொம்மை, கேக் விற்பவர்களும் அந்த ஆண்டு வியாபாரமின்றி நின்றார்கள். தீபாவளிக்கு அகல் செய்த குயவர்களுக்கும் அதே கதிதான். ஒரு வீட்டில் கைவேலை பொழுதுபோக்கு. மற்றொரு வீட்டில் அதுவே அடுப்பெரிய வழி. ஆகவே, கையால் செய்த பொருளின் அருமையை 2020-ல் தெரிந்துகொண்டவர்கள், அதைச் செய்து விற்பவரிடம் விலையில் ஐந்துக்கும் பத்துக்கும் பேரம் பேசாமல் இருப்பதே முறை.

நோயும் அந்தக் கிறிஸ்துமசோடு போய்விடவில்லை. 2021-ல் இரண்டாவது அலை வந்து இன்னும் கொடுமையாகத் தாக்கியது. 'அடுத்த வருஷம் ஊரில் கொண்டாடலாம்' என்று சொல்லிக்கொண்டவர்களில் சிலர் அடுத்த வருஷத்தைப் பார்க்கவில்லை.

எஞ்சி நின்றது

இப்போது ரெயில்களில் பொதுப் பெட்டி உண்டு. ஏ.சி. பெட்டியில் போர்வையும் தலையணையும் உண்டு. நள்ளிரவுப் பூசை உண்டு. கடைகளில் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் மீண்டும் மலைபோலக் குவிகின்றன. சுவிட்சைப் போட்டால் ஏழு நிறம் காட்டும் நட்சத்திரத்தை வாங்கித் தொங்கவிட ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலையில் ஆச்சிக்குப் பங்கு இல்லை. குழந்தைக்கும் இல்லை. சிரட்டையில் விதைத்த கேழ்வரகுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க ஒரு சிறுவன் வேண்டும். பசை பதம் வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல ஒரு கிழவி வேண்டும். ஐந்து முனைகளையும் கட்டும்போது பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு கைகள் வேண்டும். பலர் சேர்ந்தால்தான் நடக்கும் வேலை அது.

ஆகவேதான், வசதி திரும்பிய பின்னும் சில வீடுகளில் ஒரு நட்சத்திரம் கடையிலும், ஒரு நட்சத்திரம் கையிலும் என்று வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. வேலை நிமித்தம் ஊரை விட்டு வந்தவர்கள் நாம். பண்டிகைக்கு ஊருக்குப் போக எல்லா ஆண்டும் லீவும் டிக்கெட்டும் கிடைப்பதில்லை. கிடைக்காத ஆண்டில், டிசம்பர் முதல் வாரமே பத்துக் குச்சிகளையும் ஒரு கட்டு நூலையும் எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் மூத்தவர் யாரோ அவரை நடுவில் உட்கார வையுங்கள். எப்படிக் கட்டுவது என்று அவர் சொல்லித் தருவார்.